சிங்கப்பூர் எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்: ஏஜெண்ட் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

ஒரத்தநாட்டுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வேலை அனுமதிகளைப் பற்றி விவரம் அறிந்தவர்களிடம் தெளிவு வேண்டி இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 27. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு சிஎன்சி பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் 21,000 ரூபாய் வருகிறது. தம்பிக்கு 22 வயது. ஐடிஐயில் வெல்டர் பிரிவு முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு கிரில் பட்டறையில் இருக்கிறான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூர் போய் வந்தவர்தான் என்றாலும், அவர்கள் போன காலத்து விதிகளும் இப்போதைய விதிகளும் ஒன்றல்ல என்பதால், யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

திருச்சியில் ஓர் ஏஜெண்ட் எங்கள் இருவருக்கும் வேலை இருப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன் வேலை, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி), மாதம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செலவு ஐந்து லட்சம். தம்பிக்கு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை, ஒர்க் பெர்மிட் (உடலுழைப்பு வேலைக்கான அனுமதி), மாதம் 1,200 வெள்ளி, செலவு மூன்றரை லட்சம், டெஸ்ட் (திறன் தேர்வு) எதுவும் அடிக்க வேண்டியதில்லை. தம்பிக்காக 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். பட்டுக்கோட்டையில் இன்னொருவரோ, இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சூப்பர் மார்க்கெட் பெர்மிட் கிடைக்கவே கிடைக்காது, பையனை டெஸ்ட் அடிக்கச் சொல்லிக் கட்டுமானத்துக்கு அனுப்புங்கள் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

ஜூரோங் அலுவலகம்:

சகோதரருக்கு வணக்கம். நான் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். பாஸ் விண்ணப்பங்களை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பதிவேற்றுவதுதான் ஒன்பது ஆண்டுகளாக என் அன்றாட வேலை. ஒருவருக்கு எந்தப் பாஸ் கிடைக்கும் என்பதை ஏஜெண்டும் தீர்மானிப்பதில்லை, போகிறவரும் தீர்மானிப்பதில்லை. வேலை எந்தத் துறையைச் சேர்ந்தது, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, சம்பளம் எவ்வளவு, அந்த நிறுவனத்தில் உள்ளூர் ஊழியர் எத்தனை பேர் என்ற நான்கும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. விண்ணப்பிப்பது முதலாளியோ, அவர் சார்பில் உரிமம் பெற்ற முகவரோதான். ஆகவே உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வேலைகளையும் இந்த நான்கோடு ஒட்டிப் பார்த்தாலே போதும்.

முதலில் உங்களுடையது. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு 3,300 வெள்ளி. நிதித்துறையில் இன்னும் கூடுதல். அந்த 3,300 என்பதும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கான கணக்குதான். வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, 45 வயதில் 4,800 வெள்ளியில் நிற்கும். 27 வயதுக்காரரான உங்களுக்கு 3,300ஐ விடக் கூடுதலாகவே காட்ட வேண்டும். அப்படியிருக்க, 2,400 வெள்ளிக்கு எஸ் பாஸ் என்பதற்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும். ஒன்று, அப்படி ஒரு பாஸே இல்லை. அல்லது, அமைச்சிடம் 3,400 என்றோ 3,500 என்றோ காட்டிவிட்டு, வங்கியில் சம்பளம் விழுந்த பிறகு ஆயிரம் வெள்ளியை உங்களிடம் ரொக்கமாகத் திருப்பி வாங்கப்போகிறார்கள். இரண்டாவது, வேலை கொடுத்ததற்காக ஊழியரிடம் முதலாளி பணம் பறிக்கும் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சிலர் முதலாளிக்குத்தானே தண்டனை என்று நினைத்து ஒத்துக்கொள்கிறார்கள். விசாரணை என்று வந்தால் அந்த நிறுவனத்தின் பாஸ்கள் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

சம்பளம் சரியாக இருந்தாலும் கோட்டா என்று ஒன்று இருக்கிறது. உற்பத்தித் துறையில் ஒரு நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸ் வைத்திருக்க முடியாது. சேவைத் துறையில் 10 விழுக்காடுதான். அதாவது, ஒரு கடையில் ஒன்பது உள்ளூர் ஊழியர்கள் முழுச் சம்பளத்தில் இருந்தால்தான் பத்தாவது ஆளாக ஓர் எஸ் பாஸ்காரரை எடுக்க முடியும். இதற்கு மேல் ஒவ்வோர் எஸ் பாஸுக்கும் முதலாளி மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குச் செலுத்தும் வரி, கட்டுகிறார். லெவியைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. உங்களிடம் யாராவது 'லெவியில் பாதி உங்கள் பங்கு' என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து தம்பியின் வேலை. பட்டுக்கோட்டைக்காரர் சொன்னதே சரி. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியன்மார், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய நாட்டினருக்குப் பொதுவாகக் கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய், ரசாயன ஆலை போன்ற செயல்முறைத் தொழிற்சாலை ஆகிய துறைகளில்தான் ஒர்க் பெர்மிட் உண்டு. சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் மலேசியர், சீனர், ஹாங்காங், தென்கொரியா, தைவான் முதலிய இடத்தவருக்கே அது திறந்திருக்கிறது. இதற்கு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. அதில் இந்திய உணவகச் சமையற்காரர், ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர், வெல்டர், தகடு வேலை செய்பவர் போன்ற சில தொழில்கள் 2023 செப்டம்பரில் இடம்பெற்றன; 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர், தொழிற்சாலை இயந்திர இயக்குநர் போன்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குவது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள தொழிலுக்கும் மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்பதால், 1,200 என்ற எண் எந்த வழியில் பார்த்தாலும் பொருந்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் தம்பி வெல்டர். அவர் படித்த தொழிலே பட்டியலில் இருக்கும்போது, இல்லாத வேலைக்கு மூன்றரை லட்சம் கேட்டிருக்கிறார்கள்.

தஞ்சை மறவன்:

ஜூரோங் நண்பர் சொல்வது ஏட்டுக் கணக்கு. என் அத்தை மகன் 2,400 வெள்ளிச் சம்பளத்தில் எஸ் பாஸில்தான் போனான். நானே அவனுடைய கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லா ஏஜெண்டையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது.

ஜூரோங் அலுவலகம்:

உங்கள் அத்தை மகன் 2020ஆம் ஆண்டில் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு தொடக்கத்தில் எஸ் பாஸின் குறைந்தபட்சச் சம்பளம் சரியாக 2,400 வெள்ளியாகத்தான் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 2,500, 2022 செப்டம்பரில் 3,000, 2023 செப்டம்பரில் 3,150, 2025 செப்டம்பரில் 3,300 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. திருச்சி ஏஜெண்ட்தான் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்.

பழைய பெர்மிட்காரன்:

தம்பி, வணக்கம். நான் 2014இல் கட்டுமான ஒர்க் பெர்மிட்டில் போய் எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். மேலே அந்த நண்பர் விதிகளைச் சொல்லிவிட்டார். பணக் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் போகிறவர்கள் 'மாதம் இத்தனை வெள்ளி' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

அப்போது என் அடிப்படைக் கூலி நாளுக்கு 18 வெள்ளி. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2.25, ஓடிக்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, ஒன்றரை மடங்கு என்பதால் 3.38. மாதம் 26 நாள் முழுதாக நின்றால் 468 வெள்ளி. ஓடி மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது விதி; அந்த 72 மணியும் கிடைத்தாலும் 243 வெள்ளிதான். ஆக மொத்தம் 711. அதில் கேட்டரிங் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 200 வெள்ளி போய்விடும். மழைக்காலத்தில் சைட் நின்றுபோனால் ஓடியும் இல்லை. நான் போவதற்கு மூன்று லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தேன்; மாதம் ஆறாயிரம் ரூபாய் வட்டிக்கே போயிற்று. கடன் அடைபட இருபத்திரண்டு மாதம் ஆயிற்று. என் முதல் பெர்மிட்டின் காலமே இரண்டு ஆண்டுதான். ஏஜெண்ட் சொன்ன கூலி நாளுக்கு 22 வெள்ளி. கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் வைத்துத்தான் கையில் கொடுத்தார், உறை ஒட்டியிருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பெயர் ஐபிஏ. கொள்கை அளவிலான ஒப்புதல் என்று பொருள். அமைச்சு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதும் அது முதலாளிக்கு வரும். ஊழியர் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அதை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. தமிழிலும் தருவார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வரிவரியாக அதில் இருக்கும். அதில் உள்ள சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்க முடியாது. அதனால்தான் பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். மொத்தச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். 'அடிப்படை' என்ற வரியைப் பாருங்கள். ஓடி அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டி எழுதியிருந்தால், மொத்தம் நன்றாகத் தெரிந்தாலும் ஓடியில் அடி விழும்.

உங்கள் தம்பி கட்டுமானத்துக்குப் போவதாக இருந்தால், சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேற வேண்டும். அதைத்தான் ஊரில் டெஸ்ட் அடிப்பது என்கிறோம். தமிழ்நாட்டிலேயே அதற்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. தேறிவிட்டால் வேலை உறுதி என்று மையத்தார் பேசுவார்கள். சான்றிதழ் வேறு, வேலை வேறு. அடிப்படைத் திறனாளருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்ட வேண்டும், உயர்திறனாளருக்கு 500தான். ஆகவே பழைய ஆளை உயர்திறனுக்கு ஏற்றி வைத்துக்கொள்ளவே கம்பெனிகள் விரும்பும். புதிதாக டெஸ்ட் அடித்தவர்கள் ஊரில் மாதக்கணக்கில் காத்திருப்பதும் இதனால்தான். இன்னொன்று, முன்பெல்லாம் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்று ஒர்க் பெர்மிட்டுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலையிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது, வயது வரம்பும் 63க்கு உயர்ந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அது காலம் கடந்து வந்த சலுகை. 22 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

மடிப்பாக்கம் வாசகி:

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பி.இ. முடித்து, சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு சிறிய சிங்கப்பூர் நிறுவனம் நேர்காணல் முடித்து 6,500 வெள்ளிக்கு வேலை தருவதாகச் சொல்கிறது. இது எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (நிபுணர், மேலாளர் நிலை வேலைக்கான அனுமதி) வருமா? காம்பஸ் என்று ஏதோ மதிப்பெண் முறை இருப்பதால் இந்தியர்களுக்கு இப்போது கிடைப்பதே இல்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

ஜூரோங் அலுவலகம்:

சகோதரி, கிடைப்பதே இல்லை என்பது மிகை. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. இதுவும் வயதோடு ஏறி 45 வயதில் 10,700ஐத் தொடும். ஆகவே உங்கள் வயதுக்கான தொகையை 6,500 தாண்டுகிறதா என்பதை அமைச்சின் தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் முதலில் பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டிய பிறகுதான் காம்பஸ். அதில் 40 புள்ளிகள் எடுக்க வேண்டும்.

நான்கு அடிப்படைக் கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 10, 20 என்று புள்ளிகள். அந்தத் துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்கும் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிடுவது ஒன்று. 65ஆம் விழுக்காட்டு நிலையை (நூற்றில் 65 பேரின் சம்பளத்துக்கு மேலான இடம்) எட்டினால் 10, 90ஐ எட்டினால் 20. பட்டப்படிப்புக்கு 10, உயர்நிலைப் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருந்தால் 20. நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் எவ்வளவு பேர் என்பது மூன்றாவது, உள்ளூர் நிபுணர்களின் பங்கு நான்காவது. உங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வது அந்த மூன்றாவது கூறைப் பற்றித்தான். நிபுணர், மேலாளர் நிலையில் கால்வாசிப் பேர் ஏற்கெனவே இந்தியர்களாக இருக்கும் நிறுவனத்தில் அதற்குச் சுழியம்தான் கிடைக்கும். ஆனால் அத்தகைய ஊழியர் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்கு மூன்றாவதற்கும் நான்காவதற்கும் தலா 10 புள்ளிகள் தானாகவே கிடைத்துவிடும். நீங்கள் சொல்லும் நிறுவனம் அப்படிப்பட்டதானால் அங்கே 20 வந்துவிட்டது, பட்டத்துக்கு 10, மீதி 10 சம்பளத்திலிருந்து வர வேண்டும். உங்கள் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு கூறில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் வேலை இடம்பெற்றிருந்தால் ஊக்கப் புள்ளிகளும் உண்டு. மென்பொருள் வேலை என்பதாலேயே இடம்பெறும் என்று எண்ணிவிடாமல், பணியின் பெயரை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பட்டச் சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்த ஆவணத்தையும் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வர நாளாகலாம் என்பதால் இப்போதே தொடங்கிவிடுங்கள். கணவரையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், அதற்கான பாஸுக்கு உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும்.

பழைய பெர்மிட்காரன்:

ஒரத்தநாட்டுத் தம்பி, கொடுத்த முன்பணத்துக்கு ரசீது வாங்கினீர்களா? அந்த ஏஜெண்டுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு இருக்கிறதா?

ஒரத்தநாட்டுக்காரன்:

ரசீது இல்லை அண்ணன், ஜிபேயில் அனுப்பினேன். பதிவு எண்ணைக் கேட்டதற்கு, சிங்கப்பூருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை, ஆகவே பதிவும் தேவையில்லை என்கிறார். இது உண்மையா?

ஜூரோங் அலுவலகம்:

பாதி உண்மை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் போன்றோருக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக உள்ள நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஆனால் அது பயணிக்கான விதி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், எந்த நாட்டுக்கு எடுத்தாலும், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் இணையத்தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். சிங்கப்பூர் முகவரோ பாஸின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்க முடியும். ஐந்து லட்சம் எந்தச் சட்டத்திலும் அடங்காது.

ஜிபே பதிவை அழித்துவிடாதீர்கள். அதுவே உங்கள் ரசீது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அதையும் வாட்ஸாப் உரையாடல்களையும் இணைத்து, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் புகார் எழுதுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. வெல்டர் பணிக்கு அறிவிப்பு வருகிறதா என்று அவ்வப்போது அதன் தளத்தைப் பாருங்கள்.

ஐபிஏ என்று எதையாவது வாட்ஸாப்பில் அனுப்பினால் அதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அதில் உள்ள விவரங்களைக் கொண்டு மனிதவள அமைச்சின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். 'பயிற்சி' என்ற சொல் எங்காவது இருந்தால் நிறுத்திவிடுங்கள். பயிற்சிக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் மூன்று மாதம்தான், புதுப்பிக்க முடியாது. அதை எஸ் பாஸ் என்று விற்று, மூன்றாம் மாதம் ஊருக்குத் திருப்பி அனுப்பிய கதைகள் எங்கள் பகுதியிலேயே உண்டு.

ஒரத்தநாட்டுக்காரன்:

பத்து நாளைக்குப் பிறகு எழுதுகிறேன். இமைகிரேட் பட்டியலில் அந்த ஏஜெண்டின் பெயர் இல்லை. சம்பளக் கணக்கைச் சொல்லிக் கேட்டபோது, எனக்கு வந்த ஐபிஏ என்று ஒரு தாளை அனுப்பினார். தொழில் என்ற இடத்தில் மெஷின் டெக்னீஷியன் என்றும், சம்பளம் என்ற இடத்தில் 2,400 என்றும் இருந்தது. என் கடவுச்சீட்டு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அமைச்சின் தளத்தில் தேடியதில் எதுவும் வரவில்லை. புகார் எழுதப்போகிறேன் என்றதும் 50,000இல் 35,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டார். மீதியை மாத இறுதியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் புகாரை எழுதியே வைத்திருக்கிறேன்.

தம்பி கிரில் பட்டறையை விட்டுவிட்டு, பாய்லர் வேலை எடுக்கும் ஒரு பட்டறையில் குழாய் வெல்டிங் பழகச் சேர்ந்திருக்கிறான். வெல்டராகவே 2,000 வெள்ளிக்கு மேல் கேட்க வேண்டுமானால் என்னென்ன வெல்டிங் முறைகளில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதை யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பெர்மிட்காரன்:

எங்கள் சைட்டில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் வாயுவும் வைத்து ஒட்டுவது) தெரிந்தவனைத்தான் சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மற்றவர்களை நம்பர் சொல்லித்தான். முதலில் அதைக் கையில் பழகச் சொல்லுங்கள் தம்பி. ஆறு ஜி நிலையில், அதாவது சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றி, ஒட்டத் தெரிந்தால், சான்றிதழைத் தேர்வில் எடுத்துக்கொள்ளலாம்.